ஒளிக்கு ஒரே பாதை!

எரியோடு வட்டாரத்து நூற்பாலைத் தோழர்களுக்கு நூலின் நம்பரைப் பற்றி நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். சேதி சுமக்கும் கண்ணாடி இழைக்கும் அப்படியொரு கணக்கு உண்டு.

இழையின் நடுக்கரு 50 மைக்ரான் இருந்தால், உள்ளே புகும் ஒளி நூற்றுக்கணக்கான பாதைகளில் பிரிந்து ஓடுகிறது. ஒன்று முந்தி வரும். இன்னொன்று சுவரில் மோதி மோதிப் பிந்தி வரும். தொலைவு கூடினால் சேதி குழம்பும். கருவை 9 மைக்ரானாக, தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியதாகக் குறுக்கிவிட்டால், தொலைத்தொடர்புக்குரிய அகச்சிவப்பு ஒளிக்கு ஒரே பாதைதான்!

எத்தனை பாதை என்று எப்படி அறிவது? இழையின் மறுமுனையில் வெளிப்படும் ஒளியைப் படம் பிடிக்கிறார்கள். ஒற்றைப் பொட்டாக விழுந்தால் ஒரு பாதை. பூவிதழாகப் பிளந்தால் பல. 1961 இல் அமெரிக்காவில் ஸ்னிட்சரும் ஆஸ்டர்பெர்க்கும் அக்கோலங்களைக் கண்ணுக்கே காட்டினர். மந்திரமல்ல, தோழர்களே, அளவை!

தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்க வகுத்த பாரத்நெட் திட்டம் இந்த இழையைத்தான் நம்பியிருக்கிறது. ஊராட்சி அலுவலகச் சுவரோடு அது நின்றுவிடலாமா? ஆலைத் தொழிலாளியின் குடிசைக்கும், அவன் பிள்ளை படிக்கும் பள்ளிக்கும் என்றைக்கு வரும்? அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்!