1,25,000 ரூபாயைப் பூஜ்யமாக்கும் கமா! கணக்கு ஃபைலைக் கூட்டும் முன் இதைக் கவனியுங்கள்

மாத வரவு செலவைக் கூட்டிப் பார்க்க வங்கி ஸ்டேட்மென்ட்டை டவுன்லோடு செய்பவர்கள், 'சி.எஸ்.வி' என்ற பெயரைப் பார்த்திருப்பார்கள். பெயர்தான் புதிது, விஷயம் எளிது. வெறும் எழுத்துகளும் எண்களும் மட்டுமே உள்ள சாதாரண ஃபைல் அது. ஒரு வரிக்கு ஒரு செலவு. தேதி, விவரம், தொகை மூன்றையும் பிரிக்க நடுவில் கமா. இப்படி:

03-06-2025,மளிகை,850
05-06-2025,மின் கட்டணம்,1240
07-06-2025,பால்,620

நான்கு கட்டளை போதும்!

இதைக் கூட்டப் பெரிய சாஃப்ட்வேர் தேவையில்லை. 'ஒரு வரியைப் படி, கமா வரும் இடத்தில் வெட்டு, மூன்றாவது துண்டை மொத்தத்தோடு சேர், எல்லா வரியும் முடிந்ததும் மொத்தத்தைக் காட்டு.' இந்த நான்கையும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் குட்டி புரோகிராம்தான் ஸ்கிரிப்ட்.

1977-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆல்ஃபிரட் ஏஹோ, பீட்டர் வெயின்பெர்கர், பிரையன் கெர்னிகன் மூவரும் உருவாக்கிய 'ஆக்' என்ற மொழியில், இதை ஒரே வரியில் எழுதிவிடலாம். மேலே உள்ள கணக்குக்கு 2710 என்று விடை வரும். ஃபைலில் பத்தாயிரம் வரிகள் இருந்தாலும் அதே ஒரு வரி ஸ்கிரிப்ட்தான்.

சிக்கல் எங்கே?

ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்தை நாம் 1,25,000 என்று எழுதுகிறோம். தொகைக்குள்ளேயே கமா! 'இது பிரிக்கும் கமா அல்ல' என்று காட்ட, அந்தத் தொகையை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைப்பது சி.எஸ்.வி வழக்கம்.

ஆனால், கமாவைக் கண்டாலே வெட்டும் ஸ்கிரிப்ட்டுக்கு இது தெரியாது. மூன்றாவது துண்டில் ஒரு மேற்கோள் குறியும் 1-ம் மட்டுமே மிஞ்சும். குறியில் தொடங்குவதை 'ஆக்' எண்ணாக ஏற்காது. பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும். 2023-ல் 'ஆக்' மொழிக்கு சி.எஸ்.வி படிக்கும் தனி வசதி வந்தது. அது மேற்கோள் குறியைப் புரிந்துகொள்ளும். அப்போதும், கூட்டும்போது முதல் கமாவோடு நின்று 1 ரூபாயைத்தான் சேர்க்கும். இரண்டிலுமே எச்சரிக்கை எதுவும் வராது.

பைத்தான் மொழியோ, 1,25,000-ஐ அப்படியே எண்ணாக மாற்றச் சொன்னால் 'பிழை' என்று நின்றுவிடும். தவறான விடையைவிட அது நல்லது. பைத்தானோடு வரும் சி.எஸ்.வி கருவியால் வரியைப் பிரித்து, தொகைக்குள் இருக்கும் கமாக்களை நீக்கிவிட்டுக் கூட்டினால் கணக்கு சரியாக வரும்.

விடுபட்ட 15,841 பேர்

சத்தமில்லாமல் தகவல் தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு, 2020-ல் இங்கிலாந்தில் நடந்தது உதாரணம். கொரோனா பரிசோதனை முடிவுகள் சி.எஸ்.வி ஃபைல்களாக வந்தன. பொதுச் சுகாதார அமைப்பு அவற்றைப் பழைய எக்ஸெல் வடிவத்தில் ஏற்றியது. அதில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிகள்தான் கொள்ளும். மிச்சம் விடுபட்டது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்கில் ஏறவில்லை. தொற்று உள்ளவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலைதான் தாமதமானது.

எப்படிச் சரிபார்ப்பது?

* ஃபைலில் எத்தனை வரிகள், ஸ்கிரிப்ட் கூட்டியது எத்தனை வரிகள்? இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

* ஆரம்ப இருப்போடு வரவைக் கூட்டி, செலவைக் கழித்தால் இறுதி இருப்பு வர வேண்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் விடாதீர்கள்.

* பெரிய தொகை உள்ள நான்கைந்து வரிகளைத் தனியே எடுத்து, கையால் கூட்டி ஒப்பிடுங்கள்.

* 'கூட்டித் தருகிறோம்' என்று அழைக்கும் முன்பின் தெரியாத இணையதளங்களில் ஸ்டேட்மென்ட்டை ஏற்றாதீர்கள். ஸ்கிரிப்ட் உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடும். அதற்கு இன்டர்நெட்கூட வேண்டாம்.

மகளிர் குழுச் சேமிப்போ, கல்யாண மொய்க் கணக்கோ, அடுத்தவர் பணத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இந்தச் சரிபார்ப்பு இன்னும் அவசியம்.