புள்ளி கற்பித்தவருக்கே

கடந்த வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து சில நாட்களில் என் மூன்று வயதுத் தம்பிக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. உம்மாவும் வாப்பாவும் தூரத்து ஊரில் ஒரு மௌத்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் மூத்தம்மாவும் நானும்தான்.

"உயிரியல் படிக்கிற புள்ள நீதானே, என்னண்டு பாரு" என்றார் மூத்தம்மா.

அலுமாரியில் ஒரு ஜீவனிப் பக்கற் இருந்தது. அதை வெட்டி முழுவதையும் ஒரு கிளாஸ் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். கடுமையாக இருந்தால் விரைவில் சுகமாகும் என்று எண்ணினேன். தம்பி இரண்டு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு அழுதான். பின்னேரம் அவனை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். "எவ்வளவு தண்ணியில கரைச்சீங்க?" என்று தாதி கேட்டார். சொன்னேன். அவர் ஏசவில்லை. மேசையிலிருந்த ஒரு லீற்றர்ப் போத்தலை எடுத்து என் முன்னால் வைத்தார். "ஒரு பக்கற் இவ்வளவு தண்ணிக்கு, மகள்."

அல்ஹம்துலில்லாஹ், தம்பி சுகமாகிவிட்டான். ஆனால் எனக்கு வெட்கம் தீரவில்லை. அதற்கு முந்திய வாரம்தான் சிறுகுடலில் குளுக்கோஸும் சோடியமும் ஒன்றாக உறிஞ்சப்படுவதைப் பற்றிய வினாவுக்கு முழுப் புள்ளி எடுத்திருந்தேன்.

வயிற்றோட்டத்தின்போது உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுகின்றன. வெறும் தண்ணீர் அந்த உப்பை ஈடுசெய்யாது. சரியான அளவில் உப்பும் சீனியும் சேர்ந்தால், குளுக்கோஸ் சோடியத்தையும் தன்னோடு குடற்சுவருக்குள் கொண்டுசெல்கிறது, நீரும் பின்தொடர்கிறது. கரைசல் அளவுக்கு மீறிக் கடுமையானால், உடலில் உப்பு கூடிக் குழந்தைக்கு ஆபத்தாகும். நான் செய்த பிழை அதுதான்.

இதைப் பற்றித் தேடி வாசித்தபோதுதான் பங்களாதேஷின் கதை கிடைத்தது. 1968இல், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவில் இருந்த கொலரா ஆய்வுகூடத்தில், டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் என்ற இரு வைத்தியர்கள், வாயால் குடிக்கும் கரைசல் கொலரா நோயாளரையும் காப்பாற்றும் என்று காட்டினர். மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் கிராமத்துத் தாய்மாருக்கு அது தெரியாது. பக்கற் வாங்கக் கடையுமில்லை, காசுமில்லை.

பஸ்லே ஹசன் ஆபித் 1972இல் தொடங்கிய 'பிராக்' நிறுவனம் இந்த இடைவெளியைக் கையில் எடுத்தது. மூன்று விரலால் ஒரு கிள்ளு உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை லீற்றருக்குச் சற்றுக் குறைந்த தண்ணீர்: எல்லா வீட்டிலும் இருப்பவை. 1980 முதல் 1990 வரை, பயிற்றப்பட்ட பெண்கள் வீடு வீடாகச் சென்று 12 மில்லியன் வரையான வீடுகளில் இதைக் கற்பித்தார்கள். சுகாதாரத்தில் சமூகப் புத்தாக்கம் என்று சொல்வது இதைத்தான். தெரிந்த மருந்தொன்றை மக்களின் கைக்குக் கொண்டுசேர்க்கப் புதிய வழி காண்பது அது.

என்னைக் கவர்ந்தது அவர்கள் கற்பித்த முறை. கற்பிப்பவர் கரைசலைச் செய்து காட்டியதோடு நிறுத்தவில்லை. தாயே தன் கையால் கிள்ளி, தன் பாத்திரத்தில் கலக்க வேண்டும். தண்ணீரின் அளவு மறக்காதிருக்கப் பாத்திரத்தில் அடையாளமும் இட்டார்கள். சில வாரங்கள் கழிந்து வேறொருவர் சில வீடுகளைத் தெரிவுசெய்து போவார். அந்தத் தாய் முக்கிய குறிப்புகளில் எத்தனையை நினைவு வைத்திருக்கிறார், கரைசலைச் சரியாகச் செய்கிறாரா என்று பார்ப்பார். தாய்மார் செய்த கரைசலின் உப்பு அளவு ஆய்வுகூடத்திலும் சோதிக்கப்பட்டது. கற்பித்தவரின் சம்பளம் இந்தப் பெறுபேற்றில்தான் தங்கியிருந்தது. பரீட்சை எழுதியவர் தாய், புள்ளி கற்பித்தவருக்கு!

அப்படியிருந்தும் ஆரம்பத்தில் தோல்வி வந்தது. தாய்மாருக்குச் செய்யத் தெரிந்திருந்தது. ஆனால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தபோது மிகச் சிலரே கரைசலைக் கொடுத்தார்கள். காரணம் தேடியபோது, கற்பித்த பெண்களில் பலருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. அவர்களை டாக்காவுக்கு அழைத்துப்போய், நோயாளர் குணமாவதைக் கண்ணால் காணச் செய்தார்கள். பின்னர் பிறருக்குக் கற்பிக்கும்போது தாமும் ஒரு மிடறு குடித்துக் காட்டினார்கள். இன்னொரு குறையும் இருந்தது. ஆண்களிடம் எவரும் எதுவும் சொல்லவில்லை. அதன்பிறகு சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்களுக்கும் விளக்கினார்கள். பயன்பாடு கூடியது.

இதை வாசித்தபின் மூத்தம்மாவுக்குக் கற்பிக்கத் தீர்மானித்தேன். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஒரு லீற்றர்ப் போத்தலில் சிவப்பு நூல் கட்டி, கொதித்தாறிய நீரை அவரையே நூல்வரை ஊற்றி, பக்கற் முழுவதையும் கரைக்கச் சொன்னேன். பிறகு இவற்றைச் சொன்னேன்: இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு முறை வயிற்றால் போன பின்பும் 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200. சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக்கூடாது. 24 மணித்தியாலம் கழிந்தால் மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். கண் குழிவிழுந்தால், பிள்ளை சோர்ந்து குடிக்க முடியாமல் கிடந்தால், மலத்தில் இரத்தம் கண்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு.

மூன்று வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் பரீட்சை வைத்தேன். மூத்தம்மா நூல்வரை அளந்து ஊற்றினார். பத்து நிமிடக் கதையையும் சொன்னார். "மிச்சத்த என்ன செய்வீங்க?" என்றேன். "எதுக்கு வீணாக்கணும்? நாளண்டைக்கும் குடுக்கலாம்தானே" என்றார். அந்தப் புள்ளியை நான் இழந்தேன். ஏன் ஊற்ற வேண்டும் என்று நான் சொல்லவேயில்லை. வைத்திருந்தால் அதில் கிருமி பெருகும் என்று சொன்னதும், "அத முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

எமது பாடசாலைகளில் சுகாதார தினத்துக்குச் சுவரொட்டி ஒட்டுகிறோம், துண்டுப்பிரசுரம் கொடுக்கிறோம், கைதட்டல் வாங்குகிறோம். ஒரு மாதம் கழித்து அவற்றைப் பெற்றவர்களிடம் போய்க் கேட்பதில்லை. தோழிகளே, அடுத்த முறை கேட்டுப் பார்ப்போம். பெற்றோரே, இன்றிரவு உங்கள் மகளிடம் ஒரு பக்கற்றையும் ஒரு போத்தலையும் கொடுத்து, கரைத்துக் காட்டச் சொல்லுங்கள். அவள் தடுமாறினால் ஏச வேண்டாம். நானும் அப்படித்தான் தடுமாறினேன். அளந்து காட்டுங்கள், பிறகு அவளைச் செய்ய விடுங்கள்.