"இன்னும் படிச்சி முடியலியா?"

ராத்தாவின் மகள் நுண்ணுயிரியலில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறாள். கலியாண வீட்டில், கந்தூரியில் அவளைக் கண்டவர்கள் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் படிச்சி முடியலியா?" தமிழ் சிறப்புப் பட்டம் படித்த எனக்கும் அந்தத் தாமதம் விளங்காமல்தான் இருந்தது. சென்ற பாடசாலை விடுமுறையில், மேற்பார்வையாளரின் அனுமதியோடு ஒரு நாள் முழுக்க அவளுடைய ஆய்வுகூடத்தில் இருந்தேன்.

காலை எட்டு மணிக்கு வெள்ளை மேலங்கி, கையுறை. முதல் வேலை, மேசையை 70 வீத அற்ககோலால் துடைப்பது. தூய அற்ககோல் சட்டென்று ஆவியாகிவிடும். கிருமியின் புரதத்தைச் சிதைக்கக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும்.

கிணற்று நீரில் நோய்க் கிருமி இருக்கிறதா என்பதே அவளுடைய ஆய்வு. நீரிலிருந்து பிரித்த டி.என்.ஏ.யை, மில்லிலீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் அளந்து சின்னஞ்சிறு டியூப்களில் இடுகிறாள். அடுத்தது, கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட பி.சி.ஆர். 1983 இல் கெரி முல்லிஸ் கண்ட வழி. 1993 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுமார் 95 பாகை செல்சியஸில் டி.என்.ஏ.யின் இரட்டை இழை பிரியும். சூடு குறைந்ததும், தேடும் துண்டு அங்கே இருந்தால் அதற்குப் புதுப் பிரதி உருவாகும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. கணக்குப்படி 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும்.

இயந்திரம் ஓடும் இரண்டு மணித்தியாலமும் ஓய்வில்லை. போத்தல் கழுவ வேண்டும், குறிப்பேடு எழுத வேண்டும். பிழைத்தால் ஒரு கோடுதான் போடலாம், அழிக்கக் கூடாது.

பின்னேரம் முடிவு பார்ப்பதற்கு ஒரு களி காய்ச்சினாள். நோன்பு துறக்க நாம் செய்யும் கடற்பாசியின் இனம்தான் அது. அதற்குள் மின்சாரம் பாய்ச்ச, டி.என்.ஏ. நேர்முனையை நோக்கி ஓடும். சிறிய துண்டு முந்தும். புற ஊதாக்கதிர் ஒளியில் அது கோடாக மின்னும்.

ஒவ்வொரு முறையும் ஒரு டியூப்பில் டி.என்.ஏ. இல்லாமல் வெறும் தண்ணீர் வைப்பாள். அதில் கோடு வரவே கூடாது. அன்று வந்துவிட்டது! எங்கோ ஒரு துளி கலந்திருக்கிறது. ஆகவே அன்றைய முடிவு எதையும் நம்ப முடியாது.

"அந்த ஒன்ட விட்டுட்டு மத்ததெல்லாம் எழுதினா ஆருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டுவிட்டேன்.

"நல்ல கிணத்தக் கெட்டதெண்டு எழுதிட்டா, அந்த ஊட்டாக்கள் எங்க போய்த் தண்ணி அள்ளுவாங்க மாமா?" என்றாள்.

எனக்கு வெட்கமாகிப் போய்விட்டது. திறந்த கரைசல்களையெல்லாம் வீசிவிட்டு, மேசையை மறுபடி துடைத்து, மறுநாளைக்குப் புது டியூப்களில் இலக்கமிட்டாள். மக்ரிபுக்குப் பிறகுதான் அறைக்குத் திரும்பினோம்.

நம் வீடுகளிலும் ஆய்வு செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முடிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். இன்று தண்ணீர் டியூப் சுத்தமாக வந்ததா என்று கேளுங்கள். அவர்கள் உட்கார்ந்து கதைப்பார்கள்.