சம்பூரும் சூரிய மின்சாரமும்

திருகோணமலையின் பெருமையை அதன் துறைமுகத்தைக் கொண்டே உலகம் நெடுங்காலம் அளந்து வந்தது. அத்துறைமுகத்திற்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் உள்ள சம்பூர் என்னும் ஊர் அண்மைக் காலத்தில் வேறொரு காரணத்தாற் பேசப்படுகின்றது. நாட்டிற்கு வேண்டிய மின்சாரத்தை எவ்வாறு ஆக்குவது என்னும் வினாவிற்கு இருவேறு விடைகள் அங்கே கூறப்பட்டமையே அக்காரணமாகும்.

முதல் விடை நிலக்கரி. 2006ஆம் ஆண்டுப் போரினாற் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களிற் பலர் ஊர் திரும்புமுன்பே, 2011இல், இலங்கை மின்சார சபையும் இந்தியத் தேசிய அனல்மின் கழகமும் கூட்டாக ஒரு கம்பனியை அமைத்து, 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையமொன்றை அங்கு நிறுவ முற்பட்டன. 2015இல் மீள்குடியேற்றம் நிகழ்ந்தபோது, சாம்பல் வயலைக் கெடுக்கும், கடலில் விடப்படும் சுடுநீர் மீன்வளத்தைக் குலைக்கும் என்னும் அச்சமும் வலுத்தது. வழக்கும் தொடரப்பட்டது. அந்நிலையம் கட்டப்படமாட்டாது என 2016 செப்டெம்பரில் அரசு உயர் நீதிமன்றத்திற்கு அறிவித்தது.

இரண்டாம் விடை சூரியன். 50 மெகாவாற்று முதற்கட்டமும் 70 மெகாவாற்று இரண்டாங்கட்டமுமாக அமையும் சூரிய மின்திட்டத்தின் பணி 2025 ஏப்பிரல் 5ஆம் நாள் தொடக்கி வைக்கப்பட்டது. இதில் புகையில்லை, சாம்பலில்லை, எரிபொருளுக்கென அந்நியச் செலாவணி தேவையில்லை. 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் நூற்றுக்கு 70 பங்கினைப் புதுப்பிக்கத்தக்க வழிகளாற் பெறுதல் இலங்கை வகுத்த இலக்காகும்.

எனினும், சூரிய மின்சாரம் இரண்டு விடயங்களில் நம் கவனத்தை வேண்டி நிற்கின்றது. முதலாவது, அதன் நிலையின்மை. 2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் விளைந்த கோளாறே தொடக்கம் எனப்பட்டது. ஒரு குரங்கினால் ஒரு நாடே மின்சாரம் இழப்பது எங்ஙனம்?

ஆடலோட்ட மின்சாரம் செக்கனுக்கு 50 முறை அலைதல் வேண்டும். நீர்மின், அனல்மின் நிலையங்களிற் சுழலும் பாரிய சக்கரங்கள் இவ்வலைவைக் காக்கின்றன. குயவன் கையை எடுத்த பின்னரும் அவனது சக்கரம் சற்று நேரம் சுழல்கின்றதன்றோ? அதனைச் சடத்துவம் என்பர். கோளாறு நேரும்போது, மற்றைய நிலையங்கள் ஈடுசெய்வதற்கு வேண்டிய சில செக்கன்களை அச்சடத்துவமே அளிக்கின்றது. சூரியத் தகடுகளிற் சுழல்வது யாதொன்றும் இல்லை. அன்று விடுமுறை நாளாதலால் மின்தேவை குறைந்திருந்தது, வெயிலோ மிகுந்திருந்தது. சுழலும் நிலையங்களின் பங்கு சுருங்கியிருந்தமையால் மின்வலையமைப்பு சிறு அதிர்ச்சியையும் தாங்கவில்லை. நுரைச்சோலையின் மூன்று அனல்மின் இயந்திரங்களும் நின்றன. அடுத்து வந்த சில நாட்களில் மின்வெட்டு அவசியமாயிற்று.

இதற்குப் பரிகாரம் சூரிய மின்சாரத்தைக் கைவிடுவதன்று. நண்பகலில் மிகும் மின்னைப் பெரும் மின்கலங்களிற் சேமித்து, விளக்கேற்றும் வேளையிற் பயன்படுத்தலாம். அம்மின்கலங்கள் கணப்பொழுதில் மின்னை வழங்கி அலைவையும் காக்க வல்லன. உயரத்திலுள்ள நீர்த்தேக்கத்திற்குப் பகலில் நீரை ஏற்றி, இரவில் இறக்கி மின்னாக்குவது மற்றொரு வழி.

இரண்டாவது, நிலம். ஒரு மெகாவாற்றுத் திறனுக்கு 4 அல்லது 5 ஏக்கர் நிலம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. தாம் பயிரிட்டு வந்த நிலம் சூரிய மின்திட்டங்களுக்கு வழங்கப்பட்டதை எதிர்த்து, இதே மாவட்டத்து முத்துநகர் விவசாயிகள் 2025இற் போராடினர். புகையற்ற மின்சாரமாயினும், உழுபவனின் வயலை எடுத்து ஆக்கப்படுமாயின் அவனுக்கு அது நன்மையாகத் தோன்றாது. கூரைகளையும் பயிர்செய்ய இயலாத தரைகளையும் முதலிற் பயன்படுத்துதலும், நிலம் வேண்டுமிடத்து அதிற் பயிர்செய்வோரை முன்னரே கலந்து உடன்பாடு காணுதலும் முறையாகும். போரில் ஒருமுறை நிலத்தை இழந்து மீண்ட மக்கள் வாழும் கொட்டியாரக் கரையில், மின்திட்டம் வகுப்போர் இதனை முதற்கண் நினைத்தல் வேண்டும்.