‘எந்திரன்’ முதல் ‘2.0’ வரை: பறவைகளுக்காகப் பேசிய படமும் நாம் கேட்க மறந்த கேள்விகளும்

செல்போன் கோபுரம் வந்தது, சிட்டுக்குருவி போனது என்று நம் கொங்குப் பகுதி வீடுகளில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். இது முன்பே இருந்த பேச்சுதான். ஆயினும் 2018 நவம்பர் 29 அன்று இயக்குநர் ஷங்கரின் ‘2.0’ திரைப்படம் வெளியான பிறகு, பலருக்கும் அது நிரூபிக்கப்பட்ட அறிவியல் உண்மையாகவே ஆகிவிட்டது. பிள்ளைகள் முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து பார்த்ததை அப்படியே நம்புகிறார்கள். எனவே இந்தப் படத்தின் நிறை என்ன, குறை என்ன என்று சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது எனத் தோன்றுகிறது.

‘2.0’ படத்தைப் புரிந்துகொள்ள, 2010 அக்டோபரில் வந்த ‘எந்திரன்’ படத்திலிருந்து தொடங்க வேண்டும். எழுத்தாளர் சுஜாதா அதன் வசனத்தில் பங்களித்தவர். படம் வெளிவருவதற்கு முன்பே, 2008 பிப்ரவரியில் அவர் மறைந்துவிட்டார். அப்படத்தில் ஒரு காட்சியை மறக்க முடியாது. தீப்பிடித்த கட்டடத்திலிருந்து சிட்டி என்ற ரோபோ மக்களைக் காப்பாற்றுகிறது. குளித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணையும் அப்படியே தூக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவே, கேமராக்களின் முன் நிறுத்துகிறது. அவமானம் தாங்காமல் ஓடிய அந்தப் பெண் வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். ரோபோவைப் பொறுத்தவரை அது தன் கடமையைச் சரியாகவே செய்தது, உயிரைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் உயிரோடு சேர்த்துக் காக்க வேண்டிய மாண்பு ஒன்று மனிதருக்கு உண்டு என்பது அதற்குத் தெரியவில்லை. செயற்கை நுண்ணறிவு பற்றி நாடெங்கும் பேசப்படும் இன்றைய நிலையில், இக்காட்சி அன்றைவிட இன்று கூடுதலாகப் பொருந்துகிறது எனலாம். பாடலும் சண்டையும் நிறைந்த ஒரு வணிகப் படம் இத்தகைய கேள்வியை எழுப்பியது பாராட்டுக்குரியது.

‘2.0’ படத்தில் அந்தக் கேள்வி தொடரவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு கேள்வி வருகிறது. பறவைகளையே உயிராக நேசிக்கும் முதியவர் பட்சிராஜன், கைபேசிக் கதிர்வீச்சால் அவை அழிகின்றன என்று நம்புகிறார். நிறுவனங்களிடம் செல்கிறார், அமைச்சரிடம் செல்கிறார், நீதி கேட்டு அலைகிறார். எவரும் செவிகொடுக்கவில்லை. இறுதியில் செல்போன் கோபுரத்திலேயே தூக்கிட்டு உயிரை மாய்த்துக்கொள்கிறார். பிறகு அவரது ஆவி நகரிலுள்ள கைபேசிகளை எல்லாம் பறக்கச் செய்து, கைபேசி வியாபாரி, நிறுவன அதிபர், அமைச்சர் எனப் பழிவாங்குகிறது. அக்ஷய் குமார் ஏற்ற இந்தப் பாத்திரம், பறவையியல் அறிஞர் சலீம் அலியை உடனே நினைவுபடுத்துகிறது. படத்தின் பெரிய நிறை இதுதான். பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட ஒரு படத்தில், வில்லனாகக் காட்டப்படுபவர் ஓர் எளிய, நேர்மையான மனிதர். அவருடைய கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. படத்தின் முடிவில் விஞ்ஞானி வசீகரனும் கைபேசி அலைகளை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று சொல்கிறார். தொழில்நுட்பத்திலும் குறை சொல்வதற்கில்லை. பின்னர் மாற்றியமைக்காமல் தொடக்கத்திலிருந்தே முப்பரிமாணத்தில் படம்பிடித்தது இந்தியத் திரையுலகில் பெரிய முயற்சியே.

குறைகளுக்கு வருவோம். இறந்தவர் ஆவியையும் பறவைகளின் ஆவியையும் ‘ஆரா’ என்று பெயரிட்டு, அதை நேர்மின், எதிர்மின் ஆற்றலால் செயலிழக்கச் செய்வதாகக் காட்டுவது அறிவியல் அல்ல. பேய்க்கதைக்கு ஆய்வுக்கூட உடுப்பு மாட்டிவிட்ட கதைதான். அது போகட்டும், சினிமா என்று விட்டுவிடலாம். நம்மை வருந்தச் செய்வது இறுதிக்காட்சி. ‘எந்திரன்’ படத்தில் பேரழிவுக்குக் காரணமான அதே சிவப்புச் சில்லு இங்கே வெற்றிக்கு உதவும் கருவியாகிறது. குட்டி ரோபோக்கள் புறாக்களின் மேல் ஏறிவந்து, பணியாவிட்டால் அவற்றைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டுகின்றன. பறவைகளின் உயிருக்காகப் பட்சிராஜன் பணிகிறார். அதையே பயன்படுத்தி அவரைச் சிறைப்பிடிக்கிறார்கள். அரங்கில் எழுந்த கைதட்டல் யாருக்கு? அன்பு கொண்டவரின் அன்பையே ஆயுதமாக்கி வீழ்த்துவது எப்படி நாயகனின் வெற்றியாகும்? படம் இதைப் பற்றி நின்று யோசிக்கவே இல்லை. நியாயம் கிடைக்காத நல்லவருக்குத் தற்கொலையும் பழிவாங்கலும் தவிர வேறு வழி இல்லை என்பது போலக் கதை நகர்வதும் இளம் உள்ளங்களுக்கு ஏற்றதல்ல.

சரி, கதிர்வீச்சால் பறவைகள் அழிகின்றனவா? 2010 இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இதை ஆராய ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. பாதிப்புகள் இருக்கக்கூடும் என எச்சரித்த அக்குழு, மேலும் ஆய்வுகள் தேவை என்றது. படம் வருவதற்கு 6 ஆண்டுகள் முன்பே, 2012 செப்டம்பர் 1 முதல், கோபுரங்களின் கதிர்வீச்சு வரம்பு பன்னாட்டுப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்காக நம் நாட்டில் குறைக்கப்பட்டது. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், மின்காந்த இரைச்சல் ராபின் பறவைகளின் திசையறியும் திறனைக் குலைப்பதைக் கண்டனர். ஆனால் அந்த இரைச்சல் கைபேசி அலைகளைவிட மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் இருந்தது. 2020 இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, சிட்டுக்குருவிகள் நாடு முழுவதும் ஏறக்குறைய நிலையாகவே உள்ளன, பெருநகரங்களில்தான் குறைந்துள்ளன என்று கூறியது. அதற்குக் கோபுரங்களே காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்றும் அது குறிப்பிட்டது. கூடு கட்ட இடமின்மையும் குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சிகள் கிடைக்காமையும் காரணமாகலாம் என்கிறார்கள். ஓட்டு வீடுகள் போய்க் கண்ணாடியும் கான்கிரீட்டுமாய் மாறிய நம் ஊர்த் தெருக்களைப் பார்த்தாலே இது விளங்கும்.

இந்த அறிக்கையைத் தயாரித்ததில் பங்குகொண்ட நிறுவனங்களுள் ஒன்று நம் கோவைக்கு அருகிலேயே இருக்கிறது. 1990 இல் ஆனைகட்டியில் தொடங்கப்பட்ட சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையமே அது. பட்சிராஜனுக்குக் கண்ணீர் சிந்திய நம்மில் எத்தனை பேர் இதன் பெயரை அறிவோம்?

பறவைகளை உண்மையிலேயே கொன்ற ஒரு கண்டுபிடிப்பின் கதையும் நம் பகுதியில் உண்டு. அதில் கோபுரமும் இல்லை, ஆவியும் இல்லை. மாடுகளுக்கு வலி தீர்க்கப் போடப்பட்ட டைக்ளோபினாக் என்ற சாதாரண ஊசி மருந்துதான். அந்த மருந்து உடலில் இருக்கும்போது இறந்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. இந்தியாவில் மிகுதியாக இருந்த பாறு இனங்கள் சில பத்தாண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்தன. ஆய்வாளர்கள் இறந்த பறவைகளை அறுத்துச் சோதித்து 2004 இல் காரணத்தை உறுதி செய்தார்கள். 2006 இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் தொடரவே, 2015 இல் அதற்கும் கட்டுப்பாடு வந்தது. மாற்றாக வந்த கீட்டோபுரோபென், அசெக்ளோபினாக் ஆகியவையும் ஆபத்தானவை எனத் தெரிந்து, 2023 இல் அவையும் கால்நடைப் பயன்பாட்டிற்குத் தடைசெய்யப்பட்டன. பட்சிராஜனைப் போலவே இவர்களும் கதவு கதவாகத் தட்டியவர்கள்தான். ஆனால் கையில் சான்று இருந்தது, பல ஆண்டுகள் பொறுமையும் இருந்தது. நீலகிரிக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் உயரமான மரங்களின் உச்சியில் பாறு கழுகுகள் இன்றும் கூடு கட்டுகின்றன.