பிள்ளை அடம் பிடிக்கும்போது: புலம்பெயர் மண்ணில் பெற்றோர் அறிய வேண்டியவை

"பிள்ளை சொல்வழி கேட்குதில்லை." புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் நாலு பேர் கூடுகின்ற இடத்தில், ஊர்ப் புதினங்கள் பேசி முடிந்த பின்னர் எழுகின்ற பேச்சு பெரும்பாலும் இதுவாகவே இருக்கின்றது. மூன்று வயது மகன் கடைக்குள் விழுந்து புரண்டு கத்துகிறான். இரண்டு வயது மகள் கோபம் வந்தால் தம்பியைக் கடிக்கிறாள். நான்கு வயதுப் பிள்ளை சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டிவிட்டுத் தொலைக்காட்சியின் முன்னால் போய் அமர்ந்துகொள்கிறது. "எங்கட காலத்தில அப்பா ஒரு பார்வை பார்த்தால் போதும்" என்று ஒருவர் பெருமூச்சு விடுவார். "இந்த நாட்டில கை வைக்கவும் ஏலாது, பிறகு எப்படிப் பிள்ளை வளர்க்கிறது?" என்று மற்றவர் கேட்பார்.

கேள்வி நியாயமானதே. தமக்குத் தெரிந்த ஒரே கருவி பறிக்கப்பட்டுவிட்டது, பதிலாக வேறெதுவும் தரப்படவில்லை என்று உணர்கின்ற பெற்றோரின் கேள்வி அது. ஆயினும் அடி இல்லையென்றால் மிஞ்சுவது பிள்ளை கேட்டதையெல்லாம் கொடுப்பதுதான் என்ற எண்ணம் தவறு. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது மென்மையான வழிதான். ஆனால் உறுதி குறைந்த வழியன்று.

வயதின் குணம்

ஒன்றரை வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில் பிள்ளைக்கு ஆசைகள் மலையளவு; அவற்றைச் சொல்லச் சொற்களோ கையளவு. "எனக்குக் களைப்பாக இருக்கிறது", "இந்த விளையாட்டை விட்டுவர மனமில்லை" என்று சொல்லத் தெரியாத பிள்ளை உடம்பால் சொல்கிறது. அடிக்கிறது, கடிக்கிறது, நிலத்தில் விழுந்து கத்துகிறது. உந்துதலை அடக்குகின்ற மூளைப் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கின்றது. அது முழுமையாக முதிர்வதற்கு இருபது வயதும் கடந்து மேலும் சில ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு வயதுக் குழந்தை தன் கோபத்தைத் தானே அடக்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது, நடக்கப் பழகாத பிள்ளையை ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

கனடாவின் மொன்றியல் நகரில் பிள்ளைகளைச் சிறு வயதிலிருந்தே பல்லாண்டுகள் தொடர்ந்து அவதானித்த பேராசிரியர் ரிச்சார்ட் திரெம்பிளே, மனிதர் அதிகம் அடித்துக் கடிக்கும் பருவம் வாலிபம் அன்று என்று காட்டினார். இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையிலேயே அது உச்சத்தை அடைகின்றது. பின்னர், பெரியவர்களின் துணையோடு வேறு வழிகளைக் கற்றுக்கொள்ளும்போது படிப்படியாகக் குறைகின்றது. ஆகவே, "இங்கு பிறந்ததால்தான் கெட்டுப்போயிற்று" என்று பிள்ளை மீதோ வெள்ளைக்காரன் நாட்டின் மீதோ பழி போடுவதற்கு இடமில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த இரண்டு வயதுப் பிள்ளையும் கடித்தே இருக்கும்.

மடிகள் குறைந்த வீடு

அப்படியாயின் இங்கு மட்டும் ஏன் தாங்க முடியாமல் இருக்கின்றது? ஊரில் பிள்ளை அழுதால் அம்மம்மா தூக்கிக்கொள்வார். சித்தி கிணற்றடிக்குக் கூட்டிச் சென்று வேடிக்கை காட்டுவார். பக்கத்து வளவில் விளையாடப் பத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். பெற்ற தாய்க்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். இங்கோ மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள். பிள்ளை துள்ளினால் கீழ்வீட்டுக்காரர் முகட்டைத் தட்டுகிறார். மாரிகாலத்தில் மாலை நான்கு மணிக்கே இருள். தந்தை உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு நள்ளிரவில் வருகிறார். தாய் விடியற்காலையில் துப்புரவு வேலைக்குப் புறப்படுகிறார். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வராத வீடுகளில், தபாற்பெட்டி திறக்கும் சத்தத்துக்கே நெஞ்சு பதறுகின்றது. அந்தப் பதற்றத்தைப் பெரியவர்கள் வாய்திறந்து சொல்வதில்லை. ஆனால் பிள்ளைகள் முகத்தைப் படிக்கின்றார்கள்.

இதனோடு மொழியும் சேர்ந்துகொள்கின்றது. பாலர் பாடசாலையில் நாள் முழுவதும் புரியாத மொழியின் நடுவே அடங்கி ஒடுங்கி இருந்த பிள்ளை, மாலையில் தாயைக் கண்டவுடன் வெடித்து அழுகின்றது. "அங்க நல்ல பிள்ளை, என்னைக் கண்டால்தான் குழப்படி" என்று தாய்மார் மனம் நோகின்றார்கள். நோக வேண்டியதில்லை. பாதுகாப்பான இடம் என்று அது கருதுகின்ற ஒரே மடியில் இறக்கி வைக்கின்ற பாரம் அது. இதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடுவதும் உதவாது. இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் பிள்ளை பேசப் பிந்துவதில்லை. தேற்றவும் கண்டிக்கவும் கதை சொல்லவும் பெற்றோருக்குச் சரளமாக வருகின்ற மொழியே பிள்ளைக்கு ஏற்ற மொழி.

பெற்றோரின் மனக்காயமும் இங்கு பேசப்பட வேண்டும். 2004இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கையின் வடக்கு கிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளைச் சந்தித்து ஜேர்மனிய உளவியலாளர் குளோடியா கற்றானி குழுவினர் நடத்திய ஆய்வு 2008இல் வெளியாயிற்று. போரின் கொடுமைகளை அதிகம் கண்ட பிள்ளைகளும், தந்தை மதுவுக்கு ஆளான வீட்டுப் பிள்ளைகளும், வீட்டுக்குள்ளும் அதிகம் அடி வாங்கியிருந்தனர். செல் வீச்சையும் சோதனைச் சாவடியையும் கடந்து வந்த ஒருவருக்கு, பிள்ளையின் வீறிடல் சாதாரண சத்தமாகக் கேட்பதில்லை. உடல் ஆபத்து என்று எண்ணிக்கொள்கிறது. கை தானாக எழுகின்றது. இதனை அறிந்துகொள்வது அடிக்கு நியாயம் தேடுவதற்காக அன்று. எழுகின்ற கையை நிறுத்துவதற்கு, அது எங்கிருந்து எழுகின்றது என்று தெரிய வேண்டும்.

இருவரும் விழுகின்ற பொறி

அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் கெரால்ட் பற்றர்சன் என்ற உளவியலாளரின் குழுவினர், குடும்பங்களின் வீடுகளுக்கே சென்று நடப்பதை நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொண்டனர். அவர் கண்டது நம் வீடுகளிலும் நாள்தோறும் நடப்பதுதான்.

தாய், "தொலைக்காட்சியை நிறுத்து" என்கிறார். பிள்ளை சிணுங்குகின்றது. தாய் குரலை உயர்த்துகிறார். பிள்ளை கத்துகின்றது. களைத்துப்போன தாய், "சரி, இன்னும் கொஞ்ச நேரம்" என்று விட்டுவிடுகிறார். உடனே அமைதி. கத்தினால் வெல்லலாம் என்று பிள்ளை கற்றது. விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று தாய் கற்றார். மறுநாள் அதே காட்சி. இம்முறை தாய் ஓங்கி ஒரு அடி கொடுக்கிறார். மீண்டும் அமைதி. அடித்தால் அடங்கும் என்று தாய் கற்றார். பலமுள்ளவர் அடிக்கலாம் என்று பிள்ளை கற்றது. அடுத்த தடவை இருவரும் ஒரு படி மேலே நின்றே தொடங்குகிறார்கள்.

ஆக, அடிப்பதும் விட்டுக்கொடுப்பதும் எதிரெதிர் வழிகள் அல்ல. ஒரே பொறியின் இரண்டு தாடைகள் அவை. எலிசபெத் கெர்ஷொப், அன்ட்ரூ குரோகன்-கெய்லர் ஆகிய ஆய்வாளர்கள் 1 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்ட முடிவும் இதற்கு ஒத்ததே. அடி வாங்கி வளர்கின்ற பிள்ளைகளிடம் கீழ்ப்படிவு கூடியதாகக் காணப்படவில்லை; முரட்டுத்தனமே கூடியிருந்தது.

சட்டம் என்ன சொல்கின்றது?

வீட்டிலும் பிள்ளையை அடிக்கக்கூடாது என்று உலகில் முதன்முதலாகச் சட்டம் செய்த நாடு சுவீடன், ஆண்டு 1979. அச்செய்தி பால் பெட்டிகளிலும் அச்சிடப்பட்டு ஒவ்வொரு வீட்டின் காலையுணவு மேசைக்கும் சென்றது. நோர்வே 1987இலும், டென்மார்க் 1997இலும், ஜேர்மனி 2000இலும், பிரான்ஸ் 2019இலும் அவ்வழியில் சட்டம் செய்தன. ஸ்கொட்லாந்தில் 2020இலும் வேல்ஸில் 2022இலும் தடை நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் 2004இல் இயற்றப்பட்ட பிள்ளைகள் சட்டம், உடலில் காயம் உண்டாக்குகின்ற அடிக்கு "நியாயமான தண்டனை" என்ற வாதம் செல்லாது என்றது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2004இல் அளித்த தீர்ப்பு, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அடிப்பதையும், தடி, பெல்ட் போன்ற பொருட்களால் அடிப்பதையும், தலையில் அடிப்பதையும் ஏற்க முடியாதென்றது.

எம்மவரிடையே இச்சட்டங்கள் பெரும் அச்சமாகவே அறியப்பட்டுள்ளன. நோர்வேயின் "பார்னவார்ன்", ஜேர்மனியின் "யூகென்ட் அம்ற்" என்ற பெயர்களைக் கேட்டாலே பிள்ளையைப் பறிக்க வருகிறவர்கள் என்ற எண்ணம். பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படுவதும் உண்டு. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெற்றோர் தாமாகவே சென்று வளர்ப்பு உதவி கேட்பதற்குரிய இடங்களும் அவையே. காயத்தைக் கண்டு பாலர் பாடசாலை அறிவித்த பின்னர் அதிகாரியின் முன் அமர்வதற்கும், முன்கூட்டியே "எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று சொல்லிச் செல்வதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "பொலிஸ் வந்து பிடிச்சுக்கொண்டு போகும்" என்று பிள்ளையைப் பயமுறுத்துவதைக் கைவிட வேண்டும். நாடு கடத்தப்படுவோமோ என்று பெற்றோரே அஞ்சுகின்ற வீட்டில் அந்தச் சொல் விளையாட்டன்று. நாளை வழி தவறினால் பொலிசாரிடம் போக வேண்டிய பிள்ளை, அவர்களைக் கண்டு ஒளிந்துகொள்ளும்.

மூன்றாவது வழி

அமெரிக்காவின் சியாற்றில் நகரில் கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராற்றன் உருவாக்கிய பெற்றோர் பயிற்சி 1999 முதல் நோர்வேயிலும் நடத்தப்படுகின்றது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் மற் சாண்டர்ஸ் உருவாக்கிய "ட்ரிப்பிள் பி" பிரித்தானியா, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, கனடா முதலிய நாடுகளில் அறியப்பட்டது. இவற்றின் அடிப்படைகளை எந்த வீட்டிலும் செலவின்றித் தொடங்கலாம்.

ஒன்று: நாளுக்குப் பத்து நிமிடம் பிள்ளையோடு நிலத்தில் இருந்து விளையாடுங்கள். பிள்ளையே விளையாட்டை நடத்தட்டும். படிப்பிக்கவோ திருத்தவோ வேண்டாம். நல்ல வழியில் கவனம் கிடைக்கின்ற பிள்ளை, அதைக் குழப்படியால் தேட வேண்டிய தேவை குறைகின்றது.

இரண்டு: நன்மையைக் கண்டவுடன் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். "கெட்டிக்காரன்" என்பதைவிட, "தங்கச்சிக்கு விளையாட்டுச் சாமானைக் குடுத்தாய், நல்லது" என்பது மேல். எதற்காகப் பாராட்டு என்று பிள்ளைக்கு விளங்கும். புகழ்ந்தால் தலைக்கனம் வரும் என்று எம்மிடையே ஒரு தயக்கம் உண்டு. மூன்று வயதில் அந்த அச்சம் தேவையில்லை.

மூன்று: கட்டளை ஒன்றாகவும் சுருக்கமாகவும் இருக்கட்டும். சமையலறையிலிருந்து கத்தாமல், அருகில் சென்று, கண் மட்டத்துக்குக் குனிந்து, செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். "ஓடாதே" என்பதிலும் "மெதுவாக நட" என்பது விளங்கும். விளையாட்டை நிறுத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அறிவியுங்கள்.

நான்கு: சொன்ன சொல்லில் நில்லுங்கள். கடையில் இனிப்பு இல்லை என்றால் இல்லைதான். பிள்ளை கத்தட்டும், அருகில் அமைதியாக நில்லுங்கள். முதல் நாட்களில் கத்தல் கூடும். பழைய வழி பலிக்கவில்லையே என்று பிள்ளை இன்னும் பலமாக முயன்று பார்க்கின்ற கட்டம் அது. பலர் அங்கேதான் தளர்ந்துவிடுகிறார்கள். ஐந்தாம் நாள் விட்டுக்கொடுத்தால், ஐந்து நாள் கத்த வேண்டும் என்பதே பிள்ளை கற்கின்ற பாடம். தாயும் தந்தையும் முன்கூட்டியே பேசி ஒரே சொல்லில் நிற்பது அவசியம். ஆனால் அடித்தல், கடித்தல், வீதிக்கு ஓடுதல் போன்றவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. உடனே கையைப் பிடித்து நிறுத்தி, "கடிக்கக்கூடாது, நோகும்" என்று இரண்டு சொல்லில் முடியுங்கள்.

ஐந்து: உறக்கத்தையும் திரையையும் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டல், ஒன்று இரண்டு வயதில் நாளுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்கின்றது. திரை, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக்கூடாது. தந்தை வரும்வரை நள்ளிரவு மட்டும் விழித்திருக்கின்ற பிள்ளையின் மறுநாள் அடத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆறு: உங்கள் கோபம் எல்லை கடக்கும்போது, பிள்ளையைப் பாதுகாப்பான இடத்தில் விட்டு, அடுத்த அறைக்குச் சென்று தண்ணீர் குடியுங்கள். இரண்டு நிமிடம் போதும். அதனால் பிள்ளை வென்றுவிட்டதாக ஆகாது.

எப்போது உதவி தேடுவது?

இரண்டு வயதாகியும் சொற்கள் சேர்ந்து வராவிட்டால், பேசிய சொற்களை இழந்துவிட்டால், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டால், தன்னைத் தானே காயப்படுத்தினால், ஐந்து வயதாகியும் மூர்க்கம் குறையாவிட்டால் காத்திருக்க வேண்டாம். கேட்கும் திறன் குறைந்த பிள்ளையும், ஓட்டிசம் உள்ள பிள்ளையும் "சொல்வழி கேளாத பிள்ளை" என்ற பெயரோடு ஆண்டுக்கணக்கில் அடி வாங்குவது கொடுமை. நோர்வேயில் "ஹெல்சஸ்தஷூன்" என்ற சுகாதார நிலையம், பிரித்தானியாவில் வீட்டுக்கு வருகின்ற சுகாதாரத் தாதி, பிரான்ஸில் ஆறு வயது வரையான பிள்ளைகளுக்குரிய "பி.எம்.ஈ." நிலையம், ஜேர்மனியில் பிள்ளை வைத்தியர் ஆகியோரிடம் முதலில் செல்லலாம்.

அங்கு மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பாடசாலை செல்லும் மூத்த பிள்ளையை அழைத்துச் சென்று, தம்பியின் குறையை அவன் வாயால் சொல்ல வைக்காதீர்கள். நோர்வேயில் 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டம் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதைத் தடை செய்துள்ளது. தாயோ தந்தையோ உறக்கமின்றி, பழைய காட்சிகள் கனவில் துரத்த வாழ்ந்தால், அதனையும் அதே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பிள்ளைக்கான வைத்தியத்தில் அதுவும் ஒரு பகுதி.

"பார்க்கிற சனம் என்ன சொல்லும்" என்ற நினைப்பே எம்மவரை உதவி தேடாமல் தடுக்கின்ற பெரிய கதவு. கடையில் ஒரு தாயின் காலடியில் பிள்ளை உருண்டு கத்துகின்றபோது பார்த்துக்கொண்டு நிற்கின்ற அந்தச் சனமும் நாமேதான். அடுத்த முறை முகம் சுளிக்காமல், அவர் கையிலுள்ள பையை வாங்கிக்கொண்டு, "பிள்ளையைப் பாருங்கோ, நான் இதைப் பிடிக்கிறன்" என்று ஒரு வார்த்தை சொல்வோம். ஊரில் அம்மம்மாவும் சித்தியும் செய்ததில் ஒரு பங்கையாவது இங்கு ஒருவருக்கொருவர் செய்ய எம்மால் முடியும்.