இரண்டாம் கியரில் சிறுமலை

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் ஐந்து பேர், ஏசி வேறு ஓடுகிறது. வளைவை ஒடித்துத் திரும்பியதும் மூன்றாம் கியரில் வண்டி குலுங்கித் திணறும். இரண்டுக்கு இறக்கினால்தான் மூச்சு வரும். "டியூன் பண்ணிருங்க சார், பறக்கும்" என்பார் கூட வந்தவர்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று பத்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். டர்போ இல்லாத இன்ஜினின் பலமும் அதே கணக்கில் குறையும். கார்புரேட்டர் வைத்த அம்பாசடர் மலையேறினால் காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாது. கறுப்புப் புகைதான் வரும். ஸ்குரூ டிரைவரால் திருகித் திருகி, இன்ஜின் சத்தத்தைக் காதில் வாங்கிச் சரிசெய்வார் மெக்கானிக். அன்றைக்கு அதுதான் டியூனிங்.

இன்று அந்தக் காது ஈசியூ என்ற சின்னக் கணினிக்குள் இருக்கிறது. அதில் 'மேப்' எனப்படும் அட்டவணைகள்: ஒரு பக்கம் இன்ஜினின் வேகம், மறுபக்கம் சுமை. எவ்வளவு எரிபொருள், பிளக்கில் பொறி எப்போது, டர்போ காற்றை எவ்வளவு அழுத்தலாம் என்பதெல்லாம் கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். ராஜஸ்தான் வெயில், மட்டமான பெட்ரோல், சர்வீசுக்கே விடாத உரிமையாளர் எல்லாவற்றையும் நினைத்து கம்பெனி கொஞ்சம் கையைப் பிடித்தே எழுதும். டியூனர் அந்த மிச்சத்தில்தான் கைவைக்கிறார். புதிதாக எதையும் கொண்டுவந்து கொட்டுவதில்லை.

டர்போ டீசலில் அந்த மிச்சம் அதிகம். அழுத்தத்தைக் கூட்டினால் கால் பங்கு பலம்கூடக் கூடலாம். டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் காருக்குச் செலவுதான் மிஞ்சும் என்பது என் எண்ணம். அங்கே பொறியைச் சற்று முந்தவைப்பதுதான் முக்கிய வழி. அளவுக்கு மீறி முந்தினால் எரியாத மிச்சக் கலவை தானாகவே வெடிக்கும். டப்பாவில் சல்லிக்கல்லைக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம் கேட்கும், 'நாக்கிங்' என்பார்கள். விட்டுவைத்தால் பிஸ்டனே ஓட்டையாகும்.

நல்ல டியூனர் வண்டியை முதலில் பலத்தை அளக்கும் டைனோ உருளைகள்மேல் ஏற்றி ஓட்டிப் பார்ப்பார். வரும் வரைபடத்தில் எல்லாரும் உச்ச பலத்தைத்தான் பார்ப்பார்கள். மாருதி 800 இன்ஜினை வைத்துப் பந்தயக் கார் கட்டிய கோவை கரிவரதனுக்கு அது சரி. அவர் பெயரில் செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயத் தடத்துக்கும் சரி. சிறுமலைக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு 2000 சுழற்சியை ஒட்டிய இழுவைதான். ஏர் ஃபில்டர், பிளக், டயர் காற்று மூன்றையும் பார்த்தாலே பாதித் திணறல் தீர்ந்துவிடுவதும் உண்டு.

இழுவை கூடினால் கிளட்ச் தாங்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தாங்காவிட்டால் மேல் வளைவுகளில் தீய்ந்த வாடை வரும். வாரன்டியும் பெரும்பாலும் போய்விடும். பிரேக்கோ பழைய பிரேக்தான். இறங்கும்போது டியூன் செய்த வண்டிக்கும் இரண்டாம் கியர்தான்.